அறுபத்தெட்டு லேத்

ஜனவரி 9

வாலுவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன. எட்டு மாதம் கழித்து எழுதுகிற கடிதம் இப்படித்தான் தொடங்க வருகிறது. உங்கள் மேல் இருந்த கோபத்தை எங்கேயோ வைத்துவிட்டேன். தேடினால் கிடைக்கும், தேடவில்லை.

இதைக் கொண்டுவருபவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாலத்தின் நடுவில் இரு பக்கத்தாரும் பிணங்களை மாற்றிக்கொள்கிறார்களே, அதில் எங்கள் பக்கத்து வண்டி இவருடையது. உங்கள் பக்கத்து ஓட்டுநரும் இவரும் சிறு வயதில் ஒரே வகுப்பாம். சீட்டுக்கு அடியில் வைத்துக் கைமாற்றிவிடுகிறார்கள். கொடுத்த அன்றே வந்து சேர்ந்துவிடும். பிடிபட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "என்னம்மா ஆகும், பின்னாடி படுத்துக்கிட்டு வருவேன்" என்றார்.

வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பள்ளிக்கூடம் இல்லாததால் நாள் முழுக்கக் கட்டிலிலிருந்து குதிக்கிறாள். கீழ்வீட்டு அக்கா துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையைத் தட்டுகிறாள். "மேல்வீட்டுக்காரி! உம் பொண்ணு என்ன கல்லு ஒடைக்கிறாளா?" என்று ஒரு சத்தம். பத்து நிமிஷத்தில் அவளே மேலே வந்து இவளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பிட வைக்கிறாள். நான் அலுவலகத்தில் இருக்கும்போது பிள்ளைக்கு அவள்தான் எல்லாம். நீங்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு போன அன்று உங்களைத் திட்டினாளே, அதை இன்னும் முடிக்கவில்லை. தவணை தவணையாகத் திட்டுகிறாள்.

நம் புள்ளிவிவர அலுவலகத்தில் பாதிப் பேர்தான் மிச்சம். எனக்கு ஒப்பீட்டுப் பட்டியல் வேலை கொடுத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு கோடு. இடதுபக்கம் நம்மிடம் இருப்பது, வலதுபக்கம் எதிரியிடம் இருப்பது. எதிரி என்று தலைப்பு எழுதும்போது உங்கள் முகம் ஞாபகம் வந்தது. சிரிப்பும் வரவில்லை, வேறொன்றும் வரவில்லை.

இருக்கிறீர்களா என்று மட்டுமாவது எழுதுங்கள்.

வாலுவின் அம்மா

ஜனவரி 23

பட்டறை முதலாளியம்மாவுக்கு,

இருக்கிறேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்தவர் அதிகாரி வருகிறார் என்று நினைத்து அவரும் எழுந்து நின்றார்.

கேள் கூத்தை. எனக்கும் அதே பட்டியல்தான். உன் இடது எனக்கு வலது, அவ்வளவுதான் வித்தியாசம். ரயில் எஞ்சின்: எங்களுக்கு அறுபத்தொன்று, உங்களுக்கு முப்பத்தெட்டு. மாவுக் கிடங்கு: எங்களுக்கு ஒன்பது, உங்களுக்குப் பதினாலு. எங்களிடம் எஞ்சின் இருக்கிறது, ஏற்ற மாவு இல்லை. உங்களிடம் மாவு இருக்கிறது, இழுக்க எஞ்சின் இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் மட்டும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். ஒரு படுக்கையில் இரண்டு பேர் கிடப்பதை எப்படிப் போடுவது என்று கேட்டேன். பழைய ஆண்டுப் புத்தகத்தில் இருப்பதையே போடு என்றார்கள்.

எங்கள் அலுவலகத்தைக் கால்வாய்க்குப் பக்கத்தில் உள்ள பெண்கள் தொடக்கப்பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்பது அறை. பிள்ளைகள் ஊரைவிட்டுப் போயாச்சு. வாலு உயரத்துக்குச் செய்த பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறோம், முப்பத்தெட்டுப் பேர். என் முழங்கால் மேசைக்கு மேலே நிற்கிறது. கரும்பலகையில் யாரோ போட்ட கூட்டல் கணக்கு இன்னும் இருக்கிறது. விடை தப்பு. திருத்த மனசு வரவில்லை.

முந்தாநாள் உன் ஊர்ப் பக்கம் புரட்டினேன். நம்ம பட்டறை இருக்கிறது! மறந்துவிட்டாயா? பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஊரில் மொத்தம் இத்தனை லேத் என்று அமைச்சர் மேடையில் சொல்லிவிட்டார். நம் கூட்டலில் நாற்பது குறைந்தது. "எங்கருந்தாவது கொண்டாந்துட்டு வீட்டுக்குப் போங்க" என்றார் பிரிவுத் தலைவர். கல்யாணமாகி மூன்று மாதம். உனக்கும் வீட்டுக்குப் போகணும், எனக்கும் போகணும். நம் வாடகை வீட்டு விலாசத்தைப் போட்டு, இரும்பு கடையும் லேத் பட்டறை, நாற்பது லேத் என்று எழுதிவிட்டு ஓடிவந்தோம். அப்புறம் வருஷா வருஷம் ஐந்து சதவீதம் வளர்ச்சி வேறு. நமக்குள் பேச்சுவார்த்தை இல்லாத நாளில் பட்டறையில் வேலைநிறுத்தம் என்பாய். இப்போது அறுபத்தெட்டு லேத் ஓடுகிறது, முதலாளியம்மா. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ரொம்ப நாளாயிற்று.

வாலுவின் பல் ஒன்றை அனுப்ப முடியுமா?

வாலுவின் அப்பா

பிப்ரவரி 6

வாலுவின் அப்பாவுக்கு,

சிரித்தீர்களாம். நான் எழுந்துபோய் வாலுவைத் தொட்டுப் பார்த்தேன்.

அந்தப் பட்டியல் எதற்கு என்று உங்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறீர்களா? இங்கே வலதுபக்கத்தை முடித்துக் கொடுத்ததும் ராணுவத்திலிருந்து ஒருவர் வருகிறார். தன்மையான மனிதர். வாலுவுக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் விசாரிப்பார். கையில் சிவப்புப் பென்சில் இருக்கும். வரிவரியாகப் படித்துச் சிலவற்றுக்கு எதிரே ஒரு கோடு போடுவார். கோடு போட்ட வரி அடுத்த மாதம் இருக்காது. ஜனவரியில் உங்கள் பக்கத்து மின்நிலையம் ஒன்றைக் கழித்தேன். அதில் வேலை செய்தவர்கள் நூற்றிருபது என்று பக்கத்திலேயே இருந்தது. அதையும் கழித்தேன். கழித்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். இப்போதெல்லாம் நான் அப்படித்தான் இருக்கிறேன், மரக்கட்டை மாதிரி.

உங்கள் பக்கத்திலும் ஒரு பென்சில்காரர் இருப்பார். அவர் பார்வையில் எங்கள் ஊரிலேயே பெரிய லேத் பட்டறை எது? நான் எழுதிக்கொண்டிருக்கிற இந்த வீடு. கட்டிலில் உங்கள் மகள் தூங்குகிறாள். கீழே அக்கா இருமுகிறாள்.

எங்கள் ஆட்களே நம்புகிறார்கள். போன வாரம் ஒரு சிப்பாய், உடைந்த பம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினான். பழுதுபார்க்க அனுப்பினார்களாம். அக்கா வெளியே வந்து, "இங்க ஒடைஞ்சு கெடக்கறதே நெறைய இருக்கு, நீ வேற கொண்டாந்துட்டியா?" என்று விரட்டினாள். நாம் ஒரு சாயங்காலம் சொன்ன பொய்யை இரண்டு அரசாங்கமும் நம்புகிறது.

வேறு வீடு பார் என்று எழுதிவிடாதீர்கள். ஊரில் நிற்கிற ஒவ்வொரு கூரைக்குக் கீழேயும் மூன்று குடும்பம். அனுமதிச் சீட்டு இல்லாமல் தெருவைவிட்டுத் தெரு போக முடியாது.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். நான் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. நீங்கள் பெட்டி கட்டும்போதுகூட இருங்கள் என்று கேட்கவில்லை. இதைக் கேட்கிறேன்.

பல்லைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன்.

வாலுவின் அம்மா

பிப்ரவரி 20

என் மகளின் அம்மாவுக்கு,

பல் வந்தது. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

வரியை எடுத்துவிட்டேன். முதலில் அதைத் தெரிந்துகொண்டு மூச்சுவிடு.

சுலபமாக முடியவில்லை. பிரிவுத் தலைவரிடம் போய், அந்த விலாசம் சந்தேகமாக இருக்கிறது, நீக்கிவிடலாமா என்று கேட்டேன். "சந்தேகமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்யா. மொத்தம் மேல போயாச்சு, ரேடியோல வேற படிச்சாச்சு. ஒரு லேத் குறைஞ்சாலும் என்னைத்தான் கேப்பாங்க" என்றார். மறுபடியும் மொத்தம். அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான்.

அதனால் நாம் எப்போதும் செய்வதைச் செய்தேன். நம் வரியை அடித்துவிட்டு, அறுபத்தெட்டையும் அதற்கு மேலே இருந்த வரியில் சேர்த்துவிட்டேன். மொத்தம் அப்படியே நிற்கிறது. மேல் வரி எது தெரியுமா? ஆற்றோரத்துப் பழைய சோப்புத் தொழிற்சாலை. நாம் குடிவந்தபோதே பூட்டிக் கிடந்தது. 'மூடப்பட்டது' என்று போட்டு வரியை மட்டும் வைத்திருந்தோம். மூடப்பட்டதை அடித்து, இயங்குகிறது என்று எழுதினேன். நம் வீட்டிலிருந்து ஒன்றரை மைல். உள்ளே எலிகூட இருக்காது, இருந்தாலும் சோப்பைத் தின்று செத்திருக்கும். நேற்றுக் காலை நகல் மேலே போய்விட்டது.

மூன்று நிமிஷ வேலை. எழுதி முடித்து, மை காயட்டும் என்று ஊதினேன். உனக்காக நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

சண்டை முடிந்ததும் வருகிறேன். வந்தால் கதவைத் திறப்பாயா?

வாலுவின் அப்பா

பிப்ரவரி 20

வாலுவின் அப்பாவுக்கு,

இன்றைக்கு வண்டி போகிறது. உங்கள் பதிலும் இன்றைக்குத்தான் வரும். என்ன எழுதியிருப்பீர்களோ தெரியாது. வானத்தில் சத்தம் கேட்டால் வாலுவை மேசைக்கு அடியில் தள்ளுகிறேன். அந்த மேசையை உங்களுக்குத் தெரியும். ஒரு கால் ஆடும்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஊர் ரொட்டிக்கடைகள் எல்லாம் எரிந்துபோனதால், ஆற்றோரத்துப் பழைய சோப்புத் தொழிற்சாலையைத் திறந்து அடுப்பு போட்டிருக்கிறார்கள். ஊருக்கே அங்கேதான் ரொட்டி. இருபத்திரண்டு பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். கீழ்வீட்டு அக்காவும் சேர்ந்துவிட்டாள். முதல் நாள் திரும்பிவந்தவளைப் பார்க்க வேண்டுமே, தலைமுடி, புருவம் எல்லாம் மாவு. "மேல்வீட்டுக்காரி, ஒரே நாள்ல கெழவி ஆயிட்டேன் பாரு" என்றாள். கருகிய ஓரங்களைத் துணியில் கட்டி வாலுவுக்குக் கொண்டுவருகிறாள். முன்பல் இல்லாமல் கடைவாயில் வைத்து அரைக்கிறாள் உங்கள் மகள். இரண்டு வாரத்தில் கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருக்கிறது.

வரியை எடுத்துவிட்டேன் என்ற ஒரு வார்த்தை போதும். வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

வாலுவின் அம்மா

மார்ச் 6

உன் கடிதத்தை அன்றைக்கே பள்ளிக்கூட வாசலில் நின்று படித்தேன். சோப்புத் தொழிற்சாலை என்ற இடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. பிறகு படித்தேன்.

தலைவரிடம் ஓடினேன். நகலைத் திரும்ப வாங்க வேண்டும், ஒரு திருத்தம் இருக்கிறது என்றேன். "போன வாரம் ஒரு சந்தேகம், இந்த வாரம் ஒரு திருத்தமா? நீ எந்தப் பக்கத்து ஆளுய்யா?" என்று கேட்டார். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போய் என் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் எதுவும் செய்யவில்லை, என்ன செய்வது என்று தெரியவில்லை.

அக்காவைப் போக வேண்டாம் என்று சொல். யாரையும் போக வேண்டாம் என்று சொல். அடுப்பை வேறு எங்காவது போடச் சொல். இதற்குள் சொல்லியிருப்பாய். சொல்லிவிட்டாய் என்று ஒரு வரி எழுது.

வாலுவின் அப்பா

மார்ச் 6

வாலுவின் அப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தொழிற்சாலைமேல் குண்டு விழுந்தது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சன்னல் மட்டும் அதிர்ந்தது.

அன்றைக்கு வேலைக்கு வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். மூன்று பேர் மாவு வாங்கப் போயிருந்ததால் பிழைத்தார்கள். அக்கா போகவில்லை, உள்ளேதான் இருந்தாள். அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள், அவளுக்கு வேறு ஆள் இல்லை. எல்லோர் மேலும் மாவு. பத்தொன்பது பேரும் ஒரே மாதிரி இருந்தார்கள். அவள் கையில் அந்தத் துணி இருந்தது, ஓரங்களைக் கட்டுகிற துணி. அதை வைத்துத்தான் சொன்னேன்.

நீங்கள் செய்ததை நான் உங்கள் மேல் மட்டும் போடப்போவதில்லை. உங்கள் கடிதம் இருபதாம் தேதி மதியமே எனக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து பதினொரு நாள் நான் இதைத் தெரிந்துகொண்டே இருந்தேன். அக்காவிடம் மட்டும், வேலைக்குப் போகாதீங்க, மனசு சரியில்லை என்று சொன்னேன். "ஏண்டி, நீ எப்போலருந்து ஜோசியம் பாக்க ஆரம்பிச்ச? நான் போவலேன்னா உம் பொண்ணு எதத் திம்பா?" என்று கேட்டாள். மறுநாளும் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனாள். அதற்கு மேல் சொல்லவில்லை. உரக்கச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கடிதத்தைக் காட்ட வேண்டும். ஓட்டுநர் போவார், நான் போவேன், வாலு யாரிடம் இருப்பாள்? இதை நான் நன்றாக யோசித்து, பிறகு வாயை மூடிக்கொண்டேன். தினமும் சாயங்காலம் அக்கா திரும்பி வருகிற சத்தம் கேட்டதும், அப்பாடா, இன்றைக்கு இல்லை என்று நினைத்தேன். அவள் கொண்டுவந்த ஓரங்களை வாங்கி வாலுவுக்குக் கொடுத்தேன்.

அழுகை வரவில்லை. வரும் என்று உட்கார்ந்து பார்த்தேன்.

அலுவலகத்தில் இடதுபக்கத்தில் ரொட்டி அடுப்பு நாலு என்று இருந்ததை அடித்தேன். தொழிலாளர் இருபத்திரண்டு என்பதை மூன்று என்று திருத்தினேன்.

வாலுவின் அம்மா

மார்ச் 20

என் மகளின் அம்மாவுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்த வரியை எடுக்காமல் இருந்திருந்தால் பென்சில் நம் வீட்டில் விழுந்திருக்கும். பத்தொன்பது பேரை ஒரு பக்கம், உன்னையும் வாலுவையும் ஒரு பக்கம் போட்டுப் பார்க்கிறேன். எத்தனை தடவை போட்டாலும் வாலு இருக்கிற பக்கம்தான் எனக்கு வேண்டியிருக்கிறது. நான் கெட்டவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் உள்ளே ஆள் இருப்பது எனக்குத் தெரியாது. இதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

கரும்பலகையில் இருந்த கணக்கைத் திருத்திவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

அக்கா என்னைத் திட்டியதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். "பொண்டாட்டி பிள்ளையை விட்டுட்டுப் போறியே, நல்லாவா இருப்ப?" என்றாள். நன்றாக இல்லை என்று அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

வாலுவின் அப்பா

ஏப்ரல் 3

வாலுவின் அப்பாவுக்கு,

உள்ளே ஆள் இருப்பது உங்களுக்குத் தெரியாது என்பதை நம்புகிறேன். எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் உங்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். போன திங்கட்கிழமை பென்சில்காரர் வந்தார். வலதுபக்கத்தில் உங்கள் ஊரை ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கால்வாய்ப் பக்கத்தில் ஒரு வரி: பெண்கள் தொடக்கப்பள்ளி, ஒன்பது அறை, மாணவிகள் முந்நூற்றிருபது. பழைய ஆண்டுப் புத்தகத்திலிருந்து நான் எடுத்து எழுதியது. பென்சிலை அதன்மேல் வைத்துக்கொண்டு, "இது சரிதானேம்மா? மாறியிருக்கறதா ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். ஒன்பது அறையிலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்தப் பட்டியலை எழுதுகிறார்கள், எத்தனை பேர், யாருடைய முழங்கால் மேசைக்கு மேலே நிற்கிறது, எல்லாம் தெரியும். நீங்களே எழுதிக் கொடுத்தது. அக்காவின் துணி என் மேசை டிராயரில்தான் இருந்தது. டிராயரைத் திறந்து அதைத் தொட்டுவிட்டு மூடினேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

"சரிதான், பள்ளிக்கூடம்தான்" என்றேன். அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

உங்களுக்காகச் செய்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். உங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை உண்மையாகச் சொல்கிறேன். நான் அந்த வரியைத் திருத்தினால் பென்சில் அங்கே நிற்கும். திருத்தாவிட்டால் வேறு எங்கோ போகும். எங்கே போயிற்று என்று நான் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். இனிமேல் எந்த வரியையும் நான் தொடமாட்டேன். வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சண்டை முடிந்து நீங்கள் வந்தால் வாலுவைப் பார்க்கலாம். நான் தடுக்கமாட்டேன். ஆனால் நாம் இரண்டு பேரும் மறுபடியும் ஒரே மேசையில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கும். ஓட்டுநரிடம் இனிக் கடிதம் கொடுக்க வேண்டாம். இதுதான் கடைசி என்று நானும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா போனதிலிருந்து வாலு குதிப்பதில்லை. ஒருநாள் நானே, குதியேன் என்றேன். கட்டிலில் ஏறி ஒரு குதி குதித்தாள். குதித்துவிட்டுக் கீழே காது கொடுத்து நின்றாள். பிறகு இறங்கிவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் நான் சமையலறையில் நடந்துகொண்டிருந்தேன். காலுக்குக் கீழே தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு, அக்கா தட்டுவது போலவே. ஓடினேன். அக்கா வீடு பூட்டாமல் கிடந்தது. நடுக்கூடத்தில் நாற்காலிமேல் வாலு நின்றுகொண்டிருந்தாள், கையில் துடைப்பக் கட்டை. என்னைப் பார்த்ததும், "நீ ஏன் வந்த? மேல போய் நட, நான் தட்டறேன்" என்றாள். மேலே வந்தேன். அவள் தட்டத் தட்ட நடந்துகொண்டே இருந்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.

இப்படிக்கு,
மேல்வீட்டுக்காரி